501ஆவது யூனிட்: இஃப், லூப் பற்றி வாசகர் கேள்விகள்

கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்பவர்கள் சந்தேகம் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி இஃப் ('இப்படி இருந்தால் இதைச் செய்'), லூப் ('திரும்பத் திரும்பச் செய்') இரண்டையும் சுற்றித்தான். சரி, இந்தத் தடவை பகுதி முழுக்க அதற்கே. பைத்தான் என்ற நிரல் மொழியின் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன், கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இஃப், எலிஃப், எல்ஸ் எல்லாம் புத்தகத்தில் படித்தால் புரிகிறது. பரீட்சையிலும் எழுதிவிடுகிறேன். ஒரு கணக்கைக் கொடுத்து நீயே எழுது என்றால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. எனக்கு இதெல்லாம் வராதா?
(பி.காம். மாணவி, விருதுநகர்)

வரும். புத்தகத்து உதாரணங்கள்தான் சப்பென்று இருக்கின்றன. 'மதிப்பெண் 35க்கு மேல் என்றால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில்' என்று ஒன்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? (சரியாக 35 எடுத்தவன் கதி என்ன என்று கேட்டால் கொஞ்சம் சுவாரசியம் வரும், ஆனால் யாரும் கேட்பதில்லை.)

உங்கள் வீட்டுக் கரன்ட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி சொல்கிறேன், அதன் பிறகு விலை கூடியிருக்கிறது, கணக்கு பழக இது போதும். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. இது 500க்குள் நிற்பவர்களுக்கு. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகையே கிடையாது, 101இலிருந்து 400 வரைக்கும் 4.50 ஆகிவிடும், 500க்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8.

நிரலை உடனே அடிக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் எந்தெந்த எண்ணில் விதி மாறுகிறது என்று மட்டும் எழுதுங்கள்: 100, 200, 400, 500. அவ்வளவுதான், உங்கள் இஃப்கள் அங்கேதான் நிற்கப்போகின்றன. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கையால் பில் போடுங்கள். 200க்கு 225 ரூபாய், 400க்கு 1125, 500க்கு 1725. இப்போது நிரல் தானாக வந்துவிடும் (எலிஃப் என்றால் 'அது இல்லை, ஆனால் இப்படி என்றால்'):

இஃப் யூனிட் <= 100:
    கட்டணம் = 0
எலிஃப் யூனிட் <= 200:
    கட்டணம் = (யூனிட் - 100) * 2.25
எலிஃப் யூனிட் <= 400:
    கட்டணம் = 225 + (யூனிட் - 200) * 4.50
எலிஃப் யூனிட் <= 500:
    கட்டணம் = 1125 + (யூனிட் - 400) * 6
எலிஃப் யூனிட் <= 600:
    கட்டணம் = 1950 + (யூனிட் - 500) * 8

கடைசி வரியில் அந்த 1950 எங்கிருந்து வந்தது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 300 யூனிட் 4.50 வீதம் 1350, 100 யூனிட் 6 வீதம் 600. இனி 500ஐயும் 501ஐயும் ஓட்டுங்கள். 500க்கு 1725, 501க்கு 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! மாதக் கடைசியில் ஏசியை அணைக்கச் சொல்லி அப்பா ஏன் கத்துகிறார் என்பது இந்த ஒரு எலிஃப்பில் இருக்கிறது.

இதே நிரலைக் கெடுத்தும் பாருங்கள், அதில்தான் நிறையக் கற்கலாம். யூனிட் <= 500 என்ற வரியைத் தூக்கி முதலில் வையுங்கள். 50 யூனிட் மட்டும் எரித்த பாட்டி வீட்டுக்கு என்ன வரும்? 50 என்பது 500க்குள் இருப்பதால் முதல் கதவிலேயே நுழைந்துவிடும், 1125 + (50 - 400) * 6, அதாவது மைனஸ் 975. மின்வாரியம் பாட்டிக்கு 975 ரூபாய் தர வேண்டும் என்கிறது நிரல். மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்திய கிளையில் நுழைந்து மற்றதை விட்டுவிடுவதுதான் எலிஃப். வரிசையைப் பழையபடி வைத்துவிட்டு எலிஃப் எல்லாவற்றையும் வெறும் இஃப் ஆக்கினால் வேறு கூத்து: 150 யூனிட்டுக்கு <= 200, <= 400, <= 500, <= 600 எல்லாமே உண்மைதான், ஒவ்வொன்றும் முந்தைய விடையை அழித்து எழுதிக்கொண்டே போகும், கடைசியில் எழுதியவன் ஜெயிப்பான். அவன் சொல்வது 1950 + (150 - 500) * 8, மைனஸ் 850.

600க்கு மேல் என்ன என்று கேட்கிறீர்களா? அங்கே என் நிரல் ஒன்றுமே சொல்லாது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், எல்ஸ் ('மேலே எதுவும் பொருந்தாவிட்டால்') போட வேண்டியது உங்கள் பொறுப்பு.

கேள்வி: ஒற்றை = என்றால் என்ன, இரட்டை == என்றால் என்ன? ஒவ்வொரு முறையும் மாறிவிடுகிறது.
(பிளஸ் ஒன் மாணவர், திண்டுக்கல்)

ஒற்றை என்றால் 'வை', இரட்டை என்றால் 'சமமா?' என்ற கேள்வி. பைத்தானில் இஃப்புக்குள் ஒற்றை போட்டால் அதுவே திட்டி நிறுத்திவிடும். நீங்கள் பிளஸ் ஒன்னில் படிக்கும் சி++ அப்படி இல்லை, இஃப் (அ = 5) என்று எழுதினாலும் வாயைத் திறக்காமல் அ-வில் 5ஐ வைத்துவிட்டு, 5 பூஜ்யம் இல்லை, ஆகவே உண்மை என்று உள்ளே போய்விடும்.

இது சின்னப் பிள்ளைத்தனமான தவறு என்று நினைக்க வேண்டாம், தம்பி. 2003 நவம்பரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் ஒரு பிரதிக்குள் யாரோ இரண்டு வரிகளைச் செருகிவிட்டார்கள். பார்த்தால் 'பயனாளர் எண் 0-வா?' என்று சோதிப்பது போல இருக்கும், ஆனால் இருந்தது ஒற்றை =. 0 என்பது லினக்ஸில் சர்வாதிகாரம் உள்ள ரூட் கணக்கின் எண். ஆக, சோதிப்பது போல நடித்து, கூப்பிட்டவனை ரூட் ஆக்கிவிடும் வரி அது. மூலப் பிரதியோடு ஒத்துப் பார்த்தபோது இந்தப் பிரதி மட்டும் வேறுபட்டதால் மாட்டியது. யார் வேலை என்று கடைசிவரை வெளியே வரவில்லை.

கேள்வி: லூப்புக்கு எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சில், ரேஞ்ச்(1, 10) என்று கொடுத்தால் 9 வரைதான் வருகிறது. பத்து எங்கே போகிறது? இப்படி ஏன் வைத்தார்கள்?
(பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்)

நம் பாடத்திட்டத்தில் இந்தக் குழப்பம் வந்தே தீரும். பிளஸ் ஒன்னில் சி++, அங்கே ஐ <= 10 என்று எழுதிப் பழகிவிடுகிறீர்கள், பத்தும் சேர்த்தி. பிளஸ் டூவில் பைத்தான், அங்கே ரேஞ்சின் இரண்டாவது எண் சேர்த்தி கிடையாது. ஒன்றிலிருந்து பத்து வேண்டுமானால் ரேஞ்ச்(1, 11).

ஏன் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எத்தனை தடவை ஓடும் என்று தெரிந்துவிடும்: ரேஞ்ச்(1, 11) பத்து தடவை, ரேஞ்ச்(5, 8) மூன்று தடவை. இரண்டு ரேஞ்சை ஒட்டவும் செய்யலாம், ரேஞ்ச்(0, 50) முடிந்த இடத்தில் ரேஞ்ச்(50, 100) ஆரம்பிக்கும், ஐம்பது இரண்டு தடவையும் வராது, விட்டும் போகாது. கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எண்ணிக்கையை ஏன் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கையால் எழுதிய ஒரு சின்னக் குறிப்பில் இதைத்தான் வாதாடியிருக்கிறார். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது <= போட்ட லூப்பைப் பார்த்தால்தான் சந்தேகமாகப் பார்க்கிறேன்.

கேள்வி: ஃபார் எப்போது, வைல் எப்போது? எல்லாவற்றையும் ஃபாரிலேயே எழுதிவிட முடியாதா?
(தனியார் நிறுவன ஊழியர், திருப்பூர்)

இரண்டும் லூப்தான். எத்தனை தடவை என்பது ஆரம்பிக்கும்போதே தெரிந்தால் ஃபார். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றால் வைல். ஒரு கடன் கணக்கு தருகிறேன். ஒரு லட்சம் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாதம் 2000 கட்டுகிறீர்கள். எத்தனை மாதத்தில் முடியும்? ஃபாருக்குள் என்ன எண்ணைப் போடுவீர்கள்? அந்த எண்ணைத்தானே தேடுகிறோம்.

பாக்கி = 100000
மாதம் = 0
வைல் பாக்கி > 0:
    பாக்கி = பாக்கி + பாக்கி * 0.01 - 2000
    மாதம் = மாதம் + 1

ஓட்டுவதற்கு முன்னால் தாளில் இரண்டு கட்டம் போட்டு, பாக்கி ஒன்றில், மாதம் இன்னொன்றில், மூன்று சுற்று கையால் போடுங்கள். முதல் மாதம் 1000 வட்டி ஏறி 2000 இறங்கி 99,000. இரண்டாவது மாதம் 990 வட்டி, 97,990. மூன்றாவது மாதம் 979.90 வட்டி, 96,969.90. லூப் புரியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டம் போடும் வேலையைச் செய்யாதவர்கள்தான், கண்ணால் படித்தே புரிந்துகொண்டுவிடலாம் என்று பார்க்கிறார்கள். மூன்று சுற்று போதும், மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். விடை 70 மாதம், கடைசித் தவணை மட்டும் 2000க்குக் குறைவு.

இப்போது 2000ஐ எடுத்துவிட்டு 1000 போடுங்கள். நிரல் நிற்கவே நிற்காது. மாதம் 1000 வட்டி ஏறுகிறது, 1000 கட்டுகிறீர்கள், பாக்கி அதே ஒரு லட்சத்தில் உட்கார்ந்திருக்கிறது. நிரலில் பிழையே இல்லை, கடன்தான் அப்படி. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே காலம் தள்ளும் குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

கேள்வி: பையன் ஏதோ லூப் என்கிறான், அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, லேப்டாப்பில் ஃபேன் சத்தம் போடுகிறது. மெஷின் கெட்டுப்போகுமா?
(ஒரு தகப்பனார், தாம்பரம்)

கெடாது ஐயா. கன்ட்ரோல் பட்டனையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள், நின்றுவிடும். கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதால் சூடாகி ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான். பையனைத் திட்ட வேண்டாம். ஏன் நிற்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். வைலின் நிபந்தனையில் இருக்கும் மாறி (மேலே பாக்கி, மாதம் போல மதிப்பு வைக்கும் பெயர்) லூப்புக்குள் எந்த வரியில் மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பிழை அங்கேதான்.

சமயத்தில் காட்டவும் முடியும், ஆனாலும் நிற்காது. மைக்ரோசாஃப்ட் ஸூன் என்று ஒரு பாட்டுக் கேட்கும் கருவியை 2006 நவம்பரில் விற்பனைக்கு விட்டது. 2008 டிசம்பர் 31 காலை 30 ஜிபி ஸூன்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் உறைந்து நின்றன. காரணம், தேதியைக் கணக்கிட்ட ஒரு சின்ன லூப். 1980இலிருந்து எத்தனை நாள் ஆகிறது என்ற எண்ணை வைத்துக்கொண்டு, வருடம் வருடமாகக் கழித்து இது எந்த வருடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் சாரம் இது:

வைல் நாள் > 365:
    இஃப் லீப்_வருடம்:
        இஃப் நாள் > 366:
            நாள் = நாள் - 366
            வருடம் = வருடம் + 1
    எல்ஸ்:
        நாள் = நாள் - 365
        வருடம் = வருடம் + 1

பையனோடு உட்கார்ந்து இதில் நாள் = 366, லீப் வருடம் என்று போட்டு ஓட்டுங்கள். 366 என்பது 365ஐ விடப் பெரிது, உள்ளே போகிறது. லீப் வருடம்தான், இன்னும் உள்ளே. 366 என்பது 366ஐ விடப் பெரிதா? இல்லை. எதையும் கழிக்காமல் திரும்ப மேலே. மறுபடி அதே 366. லீப் வருடத்தின் கடைசி நாளில் மட்டுமே இது நடக்கும். அந்தக் கருவி சந்தைக்கு வந்த பிறகு பார்த்த முதல் லீப் வருடம் 2008, அதனால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் எண் 367 ஆகிவிடும், 366 கழிந்து 1, எல்லாம் சுகம். ஆகவே நிறுவனம் சொன்ன வைத்தியமும் அதுதான்: பேட்டரி தீரும்வரை விட்டுவிடுங்கள், ஜனவரி 1 நண்பகலுக்கு மேல் (கிரீன்விச் நேரப்படி) சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: லேபில் நட்சத்திர முக்கோணம், தலைகீழ் முக்கோணம், வைரம் என்று வரையவைத்தே உயிரை வாங்குகிறார்கள். வேலைக்குப் போனால் யார் நட்சத்திரம் வரையச் சொல்லப்போகிறார்கள்?
(பொறியியல் முதலாண்டு, கோவை)

யாரும் சொல்லமாட்டார்கள். பத்து விதமான நட்சத்திரம் வரையவைப்பது வாத்தியாருக்கு மார்க் போடச் சுலபம் என்பதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம், இரண்டு போதும். ஆனால் அந்தச் சாதாரண முக்கோணத்தை அலட்சியம் பண்ணாதீர்கள். ஆயிரம் மொபைல் எண்கள் இருக்கும் பட்டியலில் ஒரே எண் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் லூப்புக்குள் லூப், ஆயிரம் பெருக்கல் ஆயிரம், பத்து லட்சம் ஒப்பீடு. அதில் பாதி வெட்டி வேலை, மூன்றாவதை ஏழாவதோடு பார்த்தாகிவிட்டால் ஏழாவதை மூன்றாவதோடு எதற்குப் பார்க்க வேண்டும்? தன்னைத் தன்னோடு பார்ப்பதும் வீண். உள் லூப்பை ரேஞ்ச்(ஐ + 1, 1000) என்று ஆரம்பித்தால் 4,99,500 ஒப்பீட்டில் முடிந்துவிடும். முதல் எண்ணுக்கு 999, அடுத்ததற்கு 998, அப்புறம் 997 என்று குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு நட்சத்திரம் அச்சடித்தால் உங்கள் லேபின் தலைகீழ் முக்கோணம்தான். (செட் என்று ஒன்று இருக்கிறது, அதில் லூப்புக்குள் லூப்பே வேண்டாம். அது அடுத்த செமஸ்டர்.)

கேள்வி: இஃப், வைல் எல்லாம் தமிழிலேயே எழுதும் மொழி இருக்கிறதாமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

இருக்கிறது, எழில் என்று பெயர், முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. 2009இலேயே அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இப்படி எழுத வேண்டும்:

@(யூனிட் <= 100) ஆனால்
    பதிப்பி "இலவசம்"
இல்லை
    பதிப்பி "பில் உண்டு"
முடி

வைலுக்கு @(பாக்கி > 0) வரை. நிபந்தனை முதலில், 'ஆனால்', 'வரை' பின்னால், நாம் பேசுகிற வரிசையிலேயே. ஆங்கிலம் தடையாக இருக்கும் சிறுவர்களுக்கு ஒரு மாதம் இதில் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் பைத்தானுக்குக் கூட்டிப்போகலாம் என்பேன். வேலைக்கு என்றால் பைத்தானில்தான் போய் நிற்க வேண்டும், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

கேள்வி: ஏஐயிடம் கேட்டால் இஃப், லூப் எல்லாம் நொடியில் எழுதித் தருகிறது. நான் ஏன் கட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?
(பெயர் வேண்டாம், சென்னை)

தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கரன்ட் பில் விதியைக் கொடுத்து வாங்கி, 0, 100, 101, 500, 501 ஐந்தையும் போட்டு ஓட்டுங்கள். ஐந்துக்கும் என்ன வர வேண்டும் என்று ஓட்டுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்குக் கட்டம் தேவையில்லை, உங்களுக்கு ஏற்கெனவே நிரல் எழுதத் தெரியும். தெரியாவிட்டால், அது தந்த விடை சரியா தப்பா என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இன்னொரு ஏஐயிடமா?

கேள்வி: எக்ஸெலில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றினால் 29 பிப்ரவரி 1900 என்று வருகிறது. 1900 லீப் வருடமே இல்லை என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள். யார் சரி?
(கணக்காளர், சேலம்)

மகள்தான் சரி. நான்கால் வகுபட்டால் லீப் வருடம், ஆனால் நூறால் வகுபட்டால் கிடையாது, அதிலும் நானூறால் வகுபட்டால் உண்டு. அதனால் 2000 லீப் வருடம், 1900 இல்லை. மகள் நிரல் எழுதுபவராக இருந்தால் ஒரே வரியில் எழுதிவிடுவார்: (ஆண்டு % 4 == 0 அண்ட் ஆண்டு % 100 != 0) ஆர் ஆண்டு % 400 == 0. (% என்பது வகுத்தால் வரும் மீதி, != என்றால் 'சமமில்லை'.) ஆண்டு % 4 == 0 என்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் 1901இலிருந்து 2099 வரை எந்தத் தேதியிலும் பிழை தெரியாது, அதுதான் இதில் ஆபத்து.

எக்ஸெலுக்கு முன்னால் கொடிகட்டிப் பறந்த லோட்டஸ் 1-2-3இல் 1900ஐ லீப் வருடமாகவே வைத்திருந்தார்கள். லோட்டஸ் கோப்புகள் எக்ஸெலில் தேதி பிசகாமல் திறக்க வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அதே தவறை எடுத்துக்கொண்டது. இப்போது திருத்தினால் உலகத்தில் இருக்கும் அத்தனை ஷீட்டிலும் தேதிகள் ஒரு நாள் தள்ளிப்போகும், அதனால் அப்படியே இருக்கிறது. உங்கள் கணக்குக்கு ஒரு குறையும் வராது, 1900 மார்ச் 1க்கு முந்தைய தேதிகளுக்குக் கிழமையை மட்டும் எக்ஸெலிடம் கேட்காதீர்கள். 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை, அது ஞாயிறு என்று சொல்லும்.